முகநூலில் அரசியல் எழுதுகிறவர் வேலை தேடினால்

கோலாலம்பூரில் வேலை போய்விட்டது என்று சொல்லிப் பாருங்கள், "முதலில் அந்த முகநூலை மூடு" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். எனக்கு அக்கா சொன்னார், பழைய அலுவலக நண்பர்கள் சொன்னார்கள், செந்தூலில் முடி வெட்டிவிடும் அண்ணன்கூடக் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சொன்னார். நான் மூடவில்லை. மூடாமல் வேலை தேடியதால், என் பக்கத்தை யார் வந்து பார்க்கிறார்கள், எதைப் பார்த்து முகம் மாறுகிறது, எதை ஒருவரும் சட்டை செய்வதில்லை என்பதெல்லாம் ஓரளவு பிடிபட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

என் தொழில் கணக்கு. எண்களைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. 2018 பொதுத்தேர்தலுக்கு முன்பே எழுத ஆரம்பித்துவிட்டேன். மே 9 இரவு விடிய விடிய முடிவு பார்த்தவர்களில் நானும் ஒருவன், அன்று எழுதாதவர் யார்? அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பெரும்பாலும் பணம் சம்பந்தப்பட்டது. இந்தியச் சமுதாயத்துக்கென்று மித்ரா என்ற அரசாங்கப் பிரிவு வழியாக ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்குகிறார்களே, அது எங்கே போகிறது, யாருக்குக் கிடைக்கிறது, மெட்ரிகுலேசன் இடங்கள், தமிழ்ப்பள்ளி நிலங்கள், இந்த மாதிரி. 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் ஒரு வாக்குச் சாவடியில் கட்சி சார்பில் வாக்கு எண்ணும் முகவராகவும் உட்கார்ந்தேன். கட்சிச் சட்டையோடு எடுத்த ஒரு கூட்டுப் படத்தில் யாரோ என் பெயரைக் கோத்துவிட்டார்கள் (டேக்). எந்தக் கட்சி என்று சொன்னால் பாதிப் பேர் இங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவீர்கள், விட்டுவிடுகிறேன்.

2025 தொடக்கத்தில் நான் வேலை பார்த்த நிறுவனம் கணக்குப் பிரிவையே வெளிநாட்டுக்கு மாற்றியது. நஷ்ட ஈடு கொடுத்தார்கள், பிரச்சினை இல்லை. போகிற போக்கில் ஒன்று: ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்கள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்க்கேசோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை தருகிறார்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த காசுதான் அது. வெட்கப்பட்டுக்கொண்டு போகாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேலை கிடைக்காததற்கெல்லாம் முகநூலைக் காரணம் காட்டக் கூடாது. அரசியல் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு சபலம் உண்டு. "உண்மையைப் பேசினேன், அதனால் ஒதுக்கிவிட்டார்கள்" என்று சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும். ஆனால் நான் விண்ணப்பித்த இடங்களில் பாதிக்கு மேல் பதிலே வரவில்லை. பல விளம்பரங்களில் மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். சில இடங்களில் நான் கேட்ட சம்பளத்துக்கு இரண்டு இளைஞர்களை எடுத்துவிடலாம். என் பெயரைத் தேடிப் பார்க்கிற கட்டத்துக்கு வந்த நிறுவனங்களே கொஞ்சம்தான். எச்ஆர் (மனிதவளப் பிரிவு) அலுவலர்களுக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது. எல்லாருடைய பக்கத்தையும் புரட்ட அவர்களுக்கு நேரம் கிடையாது. கடைசி இரண்டு மூன்று பேர் என்று ஆனபிறகுதான் கைபேசியை எடுத்துத் தேடுவார்கள். அதனால் அந்தக் கட்டத்தில் விழுகிற அடி கொஞ்சம் வலிக்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிற இடம் அது.

எனக்கு அது பங்சார் சவுத்தில் ஓர் அலுவலகத்தில் நடந்தது. இரண்டாம் சுற்று நேர்முகத் தேர்வு. எதிரே எச்ஆர் மேலாளரான ஒரு சீனப் பெண்மணி, பக்கத்தில் நிதிப் பிரிவுத் தலைவர், ஐம்பதைத் தொட்ட மலாய்க்காரர், சாந்தமான மனிதர். கணக்குத் தணிக்கை, மாத இறுதி மூடல், விற்பனை சேவை வரி என்று எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முடிக்கிற நேரத்தில் நிதிப் பிரிவுத் தலைவர் பேனாவை மூடிவிட்டு, "முகநூலில் ரொம்பச் சுறுசுறுப்பாக இருக்கிறீர்கள் போல?" என்றார். குரலில் கடுகடுப்பு ஏதும் இல்லை. எந்தப் பதிவு என்று கேட்டேன். பதிவு எதையும் அவர் சொல்லவில்லை. "தேர்தல் படம் ஒன்று பார்த்தேன்" என்றார். நான் எழுதிய அத்தனை பத்தியையும் விட்டுவிட்டு, வேறு யாரோ போட்ட அந்தக் கூட்டுப் படம்தான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

அவரே விளக்கமும் சொன்னார். "எங்களுக்கு நான்கைந்து அமைச்சுகளோடு குத்தகை (ஒப்பந்த வேலை) இருக்கிறது. அமைச்சர் மாறுவார். எங்கள் குத்தகை மாறக்கூடாது. கூட்டத்துக்கு வருகிறவர் எந்தச் சட்டை போட்டவர் என்று எதிர்த்தரப்புக்குத் தெரிந்திருப்பது எங்களுக்குச் சங்கடம்." நேர்மையான பதில். அதில் எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. நான் சொன்னேன்: எண்ணும் முகவர் வேலை ஒரு நாள் வேலை, அன்று பொது விடுமுறை, வேலை செய்த நிறுவனத்தின் பெயரை என் பக்கத்தில் எங்கேயும் சேர்த்ததில்லை. தலையாட்டினார். அந்த வேலை வரவில்லை. படத்தினாலா, வேறு ஒருவர் என்னைவிடத் தகுதியானவரா, யாருக்குத் தெரியும்?

சில வாரம் கழித்து ஒரு பெண் மெசஞ்சரில் எழுதினார். அதே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறவராம். "அண்ணே, உங்கள் தமிழ்ப் பதிவுகளை என்னிடம் காட்டி என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார்கள். அரசாங்க ஒதுக்கீட்டுக் கணக்கைப் பற்றித்தான், தப்பாக ஒன்றும் இல்லை என்று சொன்னேன். நீங்கள் வருவீர்கள் என்று நினைத்தேன்" என்றார். தமிழில் எழுதினால் நம் ஆட்களைத் தவிர யாருக்கும் புரியாது என்று நம்மில் நிறையப் பேருக்கு ஒரு தைரியம். அந்தத் தைரியத்தில்தான் இனத்தைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் வாய்க்கு வந்ததை எழுதுகிறார்கள். இந்த நாட்டில் ஓரளவு பெரிய எந்த அலுவலகத்திலும் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். என்னுடைய நல்ல காலம், அந்தத் தங்கச்சியிடம் காட்டிய பதிவில் எண்கள் மட்டும் இருந்தன. நாலு கெட்ட வார்த்தை இருந்திருந்தால் அவர் பாவம், என்ன சொல்லிச் சமாளித்திருப்பார்?

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் எச்ஆரில் இருக்கிற தோழி ஒருவர் எனக்கு உண்டு. பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர். அவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் கேள்வி கேட்டுத் துளைத்தேன். அவர் சொன்னதில் முக்கியமானது இது: எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்பதில் அவர்களுடைய நிறுவனத்துக்கு அக்கறையே இல்லை. வெளிநாட்டு முதலாளிகளுக்கு நம் கட்சிகளின் பெயரே குழப்பம். அவர்கள் பயப்படுவது வேறு. ஓர் உற்பத்தி வரிசையில் மலாய்க்காரர், சீனர், தமிழர், நேப்பாளி, வங்காளதேசி எல்லாரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். அங்கே மேற்பார்வையாளராக வருகிற ஒருவர் இன்னொரு இனத்தைக் கேவலமாக எழுதியதன் திரைப்பிடிப்பு ஒன்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்ற ஆரம்பித்தால் அன்றைக்கு வேலை நின்றுவிடும். இரண்டாவது, பழைய முதலாளியைத் திட்டி எழுதியவர்கள். "நாளைக்கு என்னையும் இப்படித்தான் எழுதுவார்" என்று மேலாளர்கள் நினைப்பார்களாம். மூன்றாவதாக அவர் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. பதிவு போட்ட நேரம். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அமைச்சரைத் திட்டி நீளமான பதிவு, அடுத்த ஒரு மணி நேரத்தில் முப்பது பதில்கள். கருத்து சரியோ தவறோ, அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுத்தவர் யார் என்று கணக்குப் போடுவார்கள்.

அவர் வேலை செய்வது பன்னாட்டு நிறுவனம். ஜிஎல்சி எனப்படும் அரசு சார்பு நிறுவனங்களிலும் அரசாங்கக் குத்தகையை நம்பியிருக்கிற இடங்களிலும் கதை வேறு என்பதற்கு என் அனுபவமே சாட்சி. அரசுப் பணி என்றால் 1993ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் நடத்தை, கட்டொழுங்கு விதிமுறைகள் இருக்கின்றன. அரசியல் நடவடிக்கைக்கும் பொது அறிக்கைக்கும் அதில் தெளிவான கட்டுப்பாடுகள் உண்டு. ஆசிரியராகப் போக நினைக்கிற பிள்ளைகள் மேடையேறும் முன் அதைப் படித்துவிடுவது நல்லது.

தோழி கொடுத்த யோசனைப்படி, கைபேசியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, முகநூலில் உள்நுழையாமல், என் பெயரை நானே தேடினேன். அடையாள அட்டையில் உள்ளபடி அப்பா பெயரோடு ஒரு தடவை, சுருக்கப் பெயரில் ஒரு தடவை, மின்னஞ்சல் முகவரியில் ஒரு தடவை. இதை எல்லாரும் செய்து பார்க்க வேண்டும். என் பதிவுகள் பெரும்பாலும் நண்பர்களுக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டில்தான் இருந்தன. ஆனால் செய்திப் பக்கங்களில் நான் போட்ட பதில்கள் அத்தனையும் வெட்டவெளியில் கிடந்தன. பொதுப் பக்கத்தில் நாம் எழுதுகிற பதிலுக்கு அந்தப் பக்கத்தின் கட்டுப்பாடுதான், நம் பூட்டு அங்கே செல்லாது. வீட்டுக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டதுபோல் இருந்தது.

2025 மார்ச்சில் மஸ்ஜிட் இந்தியா சாலையில் பத்ரகாளியம்மன் கோயில் இடமாற்ற விவகாரம் நாடெங்கும் பேச்சாக இருந்தது நினைவிருக்கும். நான் வேலை தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தச் செய்திகளுக்குக் கீழே எழுதாத தமிழர் குறைவு. நானும் எழுதினேன். நிலம் எப்போது, யாருக்கு, எந்த நடைமுறையில் விற்கப்பட்டது என்று கேட்டிருந்தேன். அதை நான் நீக்கவில்லை, இன்றும் கிடக்கிறது. ஆனால் அதே இழையில் எனக்குப் பதில் போட்ட ஒருவரோடு இரவு முழுக்க மல்லுக்கட்டியதை நீக்கினேன். நிலத்தைப் பற்றிய கேள்வியை நேர்முகத் தேர்வில் என் முகத்துக்கு நேரே வைத்தாலும் விளக்குவேன். அந்தச் சண்டையில் விளக்க ஒன்றுமில்லை.

துப்புரவு வேலையில் கைகொடுத்தவை சில. முகநூல் அமைப்புகளில் பழைய பொதுப் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றுகிற வசதி இருக்கிறது. செயல்பாட்டுப் பதிவேட்டுக்குள் போனால் ஆண்டு வாரியாக, நாம் இட்ட பதில்கள்வரை பார்க்கலாம். பதிவுகளை மொத்தமாகக் காப்பகத்துக்கோ குப்பைக்கோ அனுப்பலாம், குப்பையில் போட்டது 30 நாளில் போய்விடும். அதற்கு முன் எல்லாவற்றையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மற்றவர்கள் நம் பெயரைக் கோக்கும் படங்கள் நாம் சரிபார்த்த பிறகே நம் பக்கத்தில் வரும்படி வைக்கலாம். ஆனால் அது நம் பக்கத்துக்கு மட்டும்தான், படம் போட்டவர் பக்கத்தில் இருக்கவே இருக்கும். அதனால் அந்தத் தேர்தல் படத்தைப் போட்ட தம்பிக்கு நேரே போன் அடித்து, "என் பெயரை மட்டும் எடுத்துவிடுப்பா" என்றேன். ஐந்து நிமிட வேலை. கைபேசி எண்ணை வைத்து நம்மைத் தேடும் வசதியையும் அடைத்துவிடுங்கள். ரெசூமேயில் கொடுக்கிற அதே எண்தானே முகநூலிலும் இருக்கிறது.

எக்ஸ் தளத்தில் நாம் விருப்பக்குறி போட்டவை 2024 ஜூன் முதல் மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. லிங்க்ட்இன் அப்படியில்லை. அங்கே ஒரு பதிவுக்கு வெறும் விருப்பக்குறி போட்டாலும் செயல்பாடு என்ற பகுதியில் வரிசையாக நிற்கும். வேலை கொடுக்கிறவர் முதலில் போகிற இடமே அதுதான். முகநூலைப் பூட்டிவிட்டு லிங்க்ட்இன்னில் அரசியல் சண்டைக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிற ஆட்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

புலனக் குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. மூடிய குழு என்று நம்பவே நம்பாதீர்கள். தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் குழு, கோயில் குழு, வட்டாரக் குழு, எல்லாவற்றிலும் அதே ஆட்கள்தான். எனக்கு வேலை தேடித் தந்துகொண்டிருந்த முகவர் ஒருவர், நான் இருந்த ஒரு குழுவில் சத்தமில்லாமல் இருந்திருக்கிறார். "நீங்கள் நிதானமாகப் பேசுகிறவர், அந்தக் குழுவிலேயே பார்த்திருக்கிறேன்" என்று போனில் சொன்னபோது எனக்குப் பகீர் என்றது. நல்லபடியாகச் சொன்னார், சரி. அவரே வேறு ஒருவரை அதே குழுவில் பார்த்துவிட்டுப் பட்டியலிலிருந்து எடுத்ததாகவும் சொன்னார். மலேசியத் தமிழர் உலகம் சின்னது. பிரிக்பீல்ட்ஸில் தும்மினால் பட்டர்வொர்த்தில் நூறாண்டு வாழ்க என்பார்கள்.

சட்டம் காப்பாற்றுமா என்றும் தேடினேன். வேலையில் இருப்பவரை நியாயமில்லாமல் நீக்கினால், 1967 தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி 60 நாளுக்குள் முறையிடலாம். தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் அந்த வழி உண்டு. வேலையே கிடைக்காதவருக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிற வேலைச் சட்டத் திருத்தத்தில் 69எஃப் பிரிவு பாகுபாட்டுப் புகார்களைத் தொழிலாளர் துறை விசாரிக்க இடம் தருகிறது. அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறு, விண்ணப்பதாரர் இன்னும் தொழிலாளியே ஆகவில்லை. அரசியலமைப்பின் 8(2) பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் என்று அடுக்குகிறது. அரசியல் கருத்து அந்த வரிசையில் இல்லை. அதோடு அடிப்படை உரிமைகளை வைத்துத் தனியார் நிறுவனத்தைக் கேட்க முடியாது என்று 2005இல் ஒரு விமானப் பணிப்பெண் வழக்கில் கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆக, உங்கள் பதிவைப் பார்த்து ஒருவர் வேலை தராவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. இது எனக்குப் பிடிக்கவில்லை, மாற வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். மாறும்வரை இப்படித்தான்.

வேலை போவதைவிடப் பெரிய வம்பும் இருக்கிறது. தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தால் அதன் உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சமாகவும், சிறை ஓர் ஆண்டிலிருந்து இரண்டாகவும் உயர்ந்தது. இனம், மதம், ஆட்சியாளர் (race, religion, royalty) என்று மூன்றைச் சேர்த்து 3ஆர் என்கிறார்களே, அதைத் தொடுகிற பதிவு போலீஸ் புகாராகிவிட்டால் உங்கள் பெயர் செய்தியில் வரும். விசாரணை ஒன்றுமில்லாமல் முடிந்தாலும் கூகிளில் அந்தச் செய்தி நிற்கும். அடுத்த முதலாளி அதைத்தான் முதலில் படிப்பார்.

ஒரு விண்ணப்பப் படிவத்தில், அரசியல் கட்சியில் பொறுப்பு வகிக்கிறீர்களா என்று கட்டம் போட்டிருந்தார்கள். நான் பொறுப்பில் இல்லை, இல்லை என்று எழுதினேன். இருந்திருந்தால் இருக்கிறேன் என்றே எழுதியிருப்பேன். படிவத்தில் பொய் சொல்லிச் சேர்ந்தால் பிற்பாடு அந்தப் பொய்யே நீக்கத்துக்குக் காரணமாகிவிடும். வாயால் கேட்டால் எனக்கு மூன்று வாக்கியம்தான்: பொது நிதிக் கணக்கைப் பற்றி எழுதுகிறேன், வேலை நேரத்தில் எழுதுவதில்லை, நிறுவனத்தின் பெயரை இழுப்பதில்லை. அப்புறம் பேச்சை வேலைக்குத் திருப்பிவிடுவேன். விளக்கிக்கொண்டே போனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. ஒருவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று நேராகவே கேட்டார். "அது எனக்கும் ஓட்டுப் பெட்டிக்கும் மட்டும் தெரிந்தது, சார்" என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டார்.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெறும் பக்கமாக வைக்கச் சொன்னவர்களுக்கு நான் சொன்னது, முப்பத்தைந்து வயது ஆளின் பக்கத்தில் தீபாவளி வாழ்த்தும் பிரியாணிப் படமும் மட்டும் இருந்தால் அதுவும் சந்தேகமாகத்தான் இருக்கும். தவிர, மித்ரா கணக்கை நம் ஆட்களே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? எழுதுகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் பயந்து வாயை மூடினால் மிஞ்சுவது திட்டுகிறவர்கள் மட்டும்தான்.

கடைசியில் வேலை கிள்ளான் துறைமுகப் பக்கம் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கிடைத்தது. முதலாளிக்கு முகநூல் கணக்கே கிடையாது. அவருக்கு இருந்த ஒரே கவலை வருமான வரி வாரியத்தின் மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்), அவருடைய நிறுவன அளவுக்கு 2025 ஜூலை முதல் கட்டாயம். அதைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டார், திங்கட்கிழமை வரச் சொன்னார். ஒப்பந்தத்தில் சமூக ஊடகம் பற்றி ஒரு பத்தி இருந்தது. "நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்" என்பது எதுவரை என்று எச்ஆரில் கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். நிறுவனப் பெயரும் வாடிக்கையாளர் பெயரும் வரக்கூடாது, சீருடையோடு படம் போடக்கூடாது, மற்றபடி உங்கள் இஷ்டம் என்று எழுதியிருந்தார்கள். போன வாரம் பட்ஜெட்டைப் பற்றி ஒரு நீளமான பதிவு போட்டேன், இரவு சாப்பாட்டுக்கு அப்புறம்.